நான்கு பட்டைக் காந்த உறை: டேப்லெட்டுக்காகச் செய்து பார்த்த அனுபவம்

காந்த உறை என்றதும் பலரும் முதலில் கேட்பது, எவ்வளவு வலுவாகப் பிடிக்கும் என்றுதான். என் டேப்லெட்டுக்கு நானே ஒன்றைச் செய்யத் தொடங்கிய பிறகு என் கவனம் முழுக்க வேறு கேள்விக்குப் போய்விட்டது: எந்தத் திசையில் பிடிக்க வேண்டும், எந்தத் திசையில் விட வேண்டும்? உறையைப் பிடித்துத் தூக்கினால் டேப்லெட் தொங்க வேண்டும், விழக் கூடாது. ஒரு மூலையிலிருந்து உரித்தால் விரல் நோகாமல் கழன்றுவர வேண்டும். இரண்டையும் அதே காந்தங்கள் செய்தாக வேண்டும்.

இந்த யோசனையைப் பரவலாக்கியது 2011 மார்ச்சில் ஐபேட் 2-உடன் வந்த ஸ்மார்ட் கவர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த முதல் ஐபேடுக்கு ஆப்பிள் விற்ற உறைக்குள் கருவியையே செருக வேண்டியிருந்தது. ஸ்மார்ட் கவரோ ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு திரையை மூடியது. அதைப் பிரித்துப் பார்த்த, கருவிகளைக் கழற்றிப் பழுதுபார்க்க வழிகாட்டும் ஐஃபிக்ஸிட் குழு உறையில் 21, டேப்லெட்டில் 10 என மொத்தம் 31 காந்தங்களை எண்ணியது. அந்த 10-தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கருவியையே வடிவமைத்திருக்கிறார்கள். 2018-இல் வந்த ஐபேட் ப்ரோவில் 102 காந்தங்கள் இருப்பதாக ஆப்பிளே மேடையில் சொன்னது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற நமக்கு டேப்லெட்டின் உள்ளே கை வைக்க வழியில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப உறையை அமைக்க வேண்டியதுதான்.

உள்ளே இருப்பதைப் படித்தல்

என் டேப்லெட்டுக்கு அதன் நிறுவனமே விசைப்பலகை உறை ஒன்றை விற்கிறது. எனவே ஓரத்தில் காந்தங்கள் இருக்கும் என்று தெரியும். எங்கே, எந்த வரிசையில் என்பதைப் பார்க்கக் காந்தப்புலம் காட்டும் பச்சைப் படலம் ஒன்றை வாங்கினேன். அதற்குள் மிக நுண்ணிய நிக்கல் செதில்கள் மிதக்கின்றன. புலம் படலத்துக்குச் செங்குத்தாக வரும் இடம் கருமையாகவும், படலத்தை ஒட்டிப் படுத்து ஓடும் இடம் வெளிச்சக் கோடாகவும் தெரியும். டேப்லெட்டின் மேல் அதை மெல்ல நகர்த்தினால், மூடிய அலுமினியத்துக்குள் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒலிபெருக்கிகள் வட்டங்களாகத் தெரிந்தன. நீள ஓரத்தில் இரண்டு கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு காந்தங்கள். எதிர் ஓரத்தில், முன்கண்ணாடிக்கு அடியில் இரு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி. இந்தப் படலம் கையில் கிடைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவு அழகு.

எது வடதுருவம், எது தென்துருவம் என்று படலம் சொல்லாது. அதற்குச் சாதாரணத் திசைகாட்டி போதும். முள்ளின் வடமுனை எந்தத் துருவத்தை நோக்கி இழுபடுகிறதோ அது தென்துருவம். திசைகாட்டியைக் காந்தத்துக்கு மிக அருகில் கொண்டுபோகக் கூடாது. வலுவான காந்தம் முள்ளின் துருவத்தையே மாற்றிவிடும்.

இரண்டு கூட்டங்களிலும் வரிசை ஒன்றுதான்: வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு. இந்த மாறி மாறி வரும் அமைப்பில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உறை ஒரு காந்த அளவு தள்ளிப் போனால் ஒத்த துருவங்கள் எதிரெதிரே வந்து விலக்கும், ஆகவே சரியான இடத்தில் மட்டும் வந்து உட்காரும். உறையை இடவலமாகத் திருப்பி வைத்தாலும் எல்லாத் துருவமும் ஒத்துப்போய் விலக்கும். மேலும், எதிரெதிர்த் துருவங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், சற்றுத் தள்ளிப் போனாலே ஒன்றின் புலத்தை மற்றது பெருமளவு ஈடுகட்டிவிடும். டேப்லெட்டுக்குள் திசைகாட்டியாக வேலை செய்யும் திசையுணரிக்கு இது நல்லது.

கீல் பட்டை

டேப்லெட்டின் ஓரத்தில் ஒட்டி, உறை திரும்ப இடம் தரும் பட்டைதான் கீல். அதற்கு 10 × 5 × 2 மி.மீ. அளவுள்ள நியோடிமியம் காந்தங்களை எடுத்துக்கொண்டேன். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த இந்தக் கலவை 1980களில்தான் வந்தது. ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாகக் கண்டடைந்தார்கள். 2 மி.மீ. தடிமனில் ஒரு டேப்லெட்டைத் தாங்கும் காந்தம் கிடைப்பது இந்தக் கலவையால்தான். உடையக்கூடிய பொருள் இது. இரண்டை மோதவிட்டால் மூலை சிதறும். சாதாரண ரகங்கள் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும், எனவே உறையில் இஸ்திரிப் பெட்டி வேண்டாம்.

எட்டுக் காந்தங்களைச் சரியான துருவத்தோடும் இடைவெளியோடும் அடுக்க டேப்லெட்டையே அச்சாக வைத்துக்கொண்டேன். ஓரத்தின் மேல் ஒரு காகிதத்தை விரித்து, காந்தங்களை ஒவ்வொன்றாக விட்டால் தாமாகவே திரும்பி, உள்ளிருக்கும் காந்தத்துக்கு நேர் மேலே போய் நிற்கின்றன. பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால் நடுவே 2 மி.மீ. பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினேன். பிறகு எபாக்சி பசை தடவிய 1 மி.மீ. எஃகுப் பட்டையை அவற்றின் முதுகில் வைத்து இறுக விட்டேன். டேப்லெட்டின் சேமிப்பகம் ஃப்ளாஷ் வகை, காந்தத்தால் அதற்குக் கேடில்லை. திசையுணரி மட்டும் கொஞ்சம் குழம்பும். கருவியைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றினால் சரியாகிவிடும்.

முதுகில் எஃகு வைப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. காந்தத்தின் பின்பக்கப் புலம் வெளியே சிதறாமல் எஃகு வழியாக அடுத்த காந்தத்துக்குப் போய்விடுகிறது. முன்பக்கப் பிடி கூடுகிறது, வெளிப்பக்கம் கிட்டத்தட்ட அமைதியாகிறது. எஃகு உள்ள பட்டையையும் இல்லாததையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தால் கைக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சறுக்கல். நேராக இழுத்தால் காந்தம் காட்டும் எதிர்ப்பில், பக்கவாட்டில் தள்ளும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது, ஏனென்றால் அங்கே எதிர்ப்பது பெரும்பாலும் உராய்வுதான். அந்தக் குறையைக் காந்தத்தைக் கூட்டி ஈடுகட்டக் கூடாது என்பது என் கருத்து. கூட்டினால் உரிக்கும்போது முரண்டு பிடிக்கும். 2012-இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸின் உறையைப் பாருங்கள். அதன் முதுகில் உள்ள புடைப்புகள் டேப்லெட்டின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். காந்தத்தின் வேலை உள்ளே இழுத்து வைப்பது, பக்கவாட்டுச் சுமையைத் தாங்குவது அந்தப் புடைப்பு. நானும் ஸ்டிக் ஃபைலின் பிளாஸ்டிக் பட்டையை நீளவாக்கில் அறுத்து, கீலின் பின்பக்கம் 1 மி.மீ. உதடாக ஒட்டினேன். சறுக்கல் நின்றது. உரிக்கும் சுகம் அப்படியே இருக்கிறது.

பட்டைகளின் அளவு

இந்த முயற்சியில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். அதிகம் மகிழ்ந்ததும் இங்கேதான்.

டேப்லெட்டின் அகலம் 165 மி.மீ., தடிமன் 7 மி.மீ. கீலில் தொடங்கி முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று திரையை மூடும் மடிப்புப் பட்டைகளை எண்ணுகிறேன். உறையைப் பின்னால் சுற்றி முக்கோணமாக்கினால், முதல் பட்டை டேப்லெட்டின் முதுகோடு படியும். இரண்டாவது முட்டுக் கொடுக்கும். மூன்றாவது மேசையில் படுக்கும். நான்காவது உள்ளே மடங்கி முதல் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். எல்லா மடிப்பும் திரைப் பக்கமாகவே மடிவதால் மேல்துணி இழுபடுவதில்லை.

நான்கையும் சம அளவில், 41 மி.மீ. சொச்சமாக வெட்டிய மாதிரி அட்டையில் டேப்லெட் நின்றது. ஆனால் திரையைத் தொட்டதும் பின்னால் சாய்ந்தது. காகிதத்தில் வரைந்து பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. சமபக்க முக்கோணம் என்றால் டேப்லெட் 60 டிகிரியில் நிற்கும். அதன் ஈர்ப்பு மையம் பாதி உயரத்தில், கீழ் ஓரத்திலிருந்து 82.5 மி.மீ. தொலைவில் இருக்கிறது. 60 டிகிரி சாய்வில் அது கிடைமட்டமாக அதில் பாதி, அதாவது 41 மி.மீ. பின்னால் போகும். அடித்தளத்தின் நீளமும் அதே 41 மி.மீ. டேப்லெட் எந்த அளவானாலும் இதில் மாற்றமில்லை: அடித்தளம் அகலத்தில் கால் பங்கு, ஈர்ப்பு மையம் பின்னால் போவதும் கால் பங்கு. விளிம்பில் நிற்கிற நிலை. கருவியின் தடிமன் மையத்தை ஒரு 3 மி.மீ. முன்னே தள்ளுவதாலும் உறையின் சொந்த எடையாலும்தான் அது விழாமல் இருக்கிறது. கருவி மெலிய மெலிய இந்தச் சலுகையும் குறையும்.

ஆகவே சம அளவைக் கைவிட்டு, மடிப்புக் கோட்டிலிருந்து மடிப்புக் கோடு வரை 36, 50, 51, 28 மி.மீ. என்று பிரித்தேன். கூட்டினால் அதே 165. இப்போது முக்கோணத்தின் அடி 51 மி.மீ., டேப்லெட் நிற்பது சுமார் 68 டிகிரியில், ஈர்ப்பு மையம் 28 மி.மீ. மட்டுமே பின்னால் வருகிறது. இருபது மில்லிமீட்டருக்கு மேல் கைவசம் இருக்கிறது. திரையை அழுத்தித் தொட்டாலும் அசைவதில்லை. முக்கோணம் மேல் ஓரத்துக்கு அடியில் வரும்படி டேப்லெட்டைப் படுக்கவைத்தால் தட்டச்சுக்கான சரிவு. சம அளவில் 14 டிகிரியாக இருந்த அது 18 ஆனது, மணிக்கட்டுக்கு இதுவே எனக்கு வசதி. 68 டிகிரி சிலருக்கு நிமிர்வாகத் தோன்றலாம். அப்படியானால் இரண்டாவது பட்டையைக் குறைத்து மூன்றாவதைக் கூட்டிப் பாருங்கள், வெட்டும் முன் ஒரு முக்கோணம் வரைந்தால் போதும்.

இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தவர்களும் உண்டு. 2013-இல் வந்த லெனோவோ யோகா டேப்லெட், பேட்டரியை ஓர் உருளையாக ஓரத்தில் வைத்து ஈர்ப்பு மையத்தையே கீழே இறக்கியது. 2014-இன் சர்ஃபேஸ் ப்ரோ 3-இல் விசைப்பலகை உறைக்கு இன்னொரு மடிப்பைச் சேர்த்து, அது திரையின் கீழ்விளிம்பில் காந்தத்தால் ஒட்டும்படி செய்தார்கள். மடியில் வைத்துத் தட்டும்போது கீலின் ஆட்டம் அதனால் குறைந்தது. ஒரு சின்னப் பட்டை மடிப்பு அவ்வளவு வேலை செய்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

உறக்கக் காந்தம்

மூடினால் திரை அணைவதற்குக் காரணம் கண்ணாடிக்கு அடியில் இருக்கும், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவுதான் அடிப்படை. சென்சார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒரு சிறு காந்தத்தை விளிம்பு நெடுக நகர்த்தினேன். திரை அணையும் இடத்தில் ஒரு டேப் துண்டு.

ஆனால் உறையைப் பின்னால் முழுவதும் மடித்துக் கையில் பிடித்துப் படிக்கும்போது, அதே காந்தம் சென்சாருக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது. 7 மி.மீ. கருவியைத் தாண்டியும் புலம் போய்ப் படிக்கிற பக்கம் அணைகிறது. மீண்டும் எஃகுதான் கைகொடுத்தது. மூடியிருக்கும்போது சென்சாரைப் பார்ப்பது உறையின் உள்முகம், பின்னால் மடித்தால் கருவியைத் தொடுவது வெளிமுகம். எனவே காந்தத்தின் வெளிமுகத்தில் மட்டும், அதைவிடச் சற்று அகலமான எஃகுத் துண்டு ஒன்றை ஒட்டினேன். முன்பக்கம் பலமாகவும் பின்பக்கம் பலவீனமாகவும் ஆகி, இரண்டு நிலையிலும் திரை சொன்னபடி கேட்கிறது. காந்தத்தையும் ஒரு அளவு சிறியதாக்கினேன், சென்சாருக்குச் சில மில்லி டெஸ்லா அளவு காந்தப்புலம் போதும்.

நான்காவது பட்டை முதல் பட்டையில் ஒட்டுவதற்கு வெளிமுகம் வலுவான காந்தங்கள் வேண்டும். அவற்றைச் சென்சாரிலிருந்து நீளவாக்கில் தள்ளி வைத்தேன். முதல் பட்டைக்குள் தகர டப்பாவிலிருந்து வெட்டிய தகடு இரண்டு அடுக்காக இருக்கிறது. டேப்லெட்டின் மூலைப் புள்ளிகளுக்கு நேராக எஃகுத் துண்டுகளே போதுமானதாக இருந்தன, துருவம் பார்க்க வேண்டியதில்லை.

மீதி வேலை

மற்றதெல்லாம் புத்தக பைண்டிங் வேலை. 1.5 மி.மீ. கிரே போர்டு எனும் கெட்டி அட்டை, மேலே காலிகோ துணி, உள்ளே மைக்ரோஃபைபர். அட்டையின் இழை டேப்லெட்டின் நீளத்தோடு ஓடும்படி வெட்டினால் பட்டைகள் நெடுக வளைவதில்லை. மடிப்பு இடைவெளி 4 மி.மீ. வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, கனத்தின் அடியில் இரவு முழுக்கக் காயவிட வேண்டும்.

காந்தங்கள் இருக்கும் இடத்தில் துணியின் ஓரத்தை இரட்டையாக மடித்து ஒட்டியிருக்கிறேன். சிறு குழந்தைகள் இப்படிப்பட்ட காந்தங்களில் ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. கழன்ற காந்தத்தை மேசையில் விட்டுவைக்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த உறையை மார்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது, குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.

இப்போதைக்கு உறை தினசரிப் பயன்பாட்டில் இருக்கிறது. கீலையும் முதல் பட்டையையும் இணைக்கும் துணிதான் அதிகம் உழைக்கும் இடம், அங்கே காலிகோ லேசாக வெளிறத் தொடங்கியிருக்கிறது. அடுத்த உறையில் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் நைலான் நாடா வைத்துப் பார்க்கப்போகிறேன். பேனாவுக்கும் ஒரு காந்த இருக்கை வேண்டும். சிலவகைப் பேனாக்களுக்குத் திரை அருகில் காந்தம் இருந்தாலே கோடு விலகும் என்பதால், மூன்றாவது பட்டையின் வெளிமுகத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே வைத்தால் முக்கோணம் மேசையில் தட்டையாகப் படியுமா என்பதை அட்டை மாதிரியில் சோதிக்க வேண்டும்.