சம்பளத்தை விட்டு ஆய்வுக்கு வந்தபோது: உதவித்தொகை தேடிய அனுபவம்

கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்வதா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்வதா என்ற கேள்வியில்தான் என்னுடைய பணத்தேடல் தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நம் நாட்டில் கிடைக்கும் உதவித்தொகைகளில் பெரும்பாலானவை முழுநேர ஆய்வாளர்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றைப் பெறும் காலத்தில் வேறு இடத்தில் ஊதியம் வாங்கவும் கூடாது. ஆகவே சம்பளத்தில் இருப்பவருக்கு உதவித்தொகை இல்லை. சம்பளத்தை விட்டு வந்தவருக்கும் அது உடனே கிடைத்துவிடுவதில்லை. இந்த இடைவெளியை எப்படிக் கடந்தேன் என்பது, வரலாறு, தமிழ், சமூகவியல் போன்ற துறைகளில் பதிவு செய்ய நினைத்துத் தயங்கி நிற்கும் பலருக்கு, குறிப்பாகக் குடும்பப் பொறுப்பு உள்ள பெண்களுக்கு, உதவக்கூடும்.

என் ஆய்வு 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்த குடிமராமத்தைப் பற்றியது. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிப் பராமரித்துவந்த வழக்கத்தை, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் எவ்வாறு அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது என்பதே மையக் கேள்வி. இதற்கான வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான் இருப்பதோ காவிரிப் படுகையில். சென்னையில் வாரக்கணக்கில் தங்குவதற்கும், ஆவணங்களின் படிகள் எடுப்பதற்கும் ஆகும் செலவு பல்கலைக்கழகக் கட்டணத்தைவிடப் பெரியது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தலைப்பை முடிவு செய்யும்போதே அந்தத் தலைப்பு கேட்கும் செலவையும் எழுதிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

எனக்கு முன்பே எங்கள் துறையில் பதிவு செய்திருந்த ஓர் அக்கா, நான் உதவித்தொகைகளின் பட்டியலோடு போய் நின்றபோது, "எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதல் தவணை வரும்வரை வீடு எப்படி ஓடும் என்று முதலில் எழுதிக்கொண்டு வா" என்றார். அன்று இரவு நானும் கணவரும் உட்கார்ந்து எழுதினோம். அவருடைய வருமானம் வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாக இருந்தது. என் சேமிப்பையும், மாலையில் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித்தருவதில் வரும் பணத்தையும் சேர்த்தால் ஓராண்டை ஓட்டலாம் என்று தெரிந்த பிறகே வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தேன்.

அடுத்து, எந்த வழிகள் எனக்கு உரியவை என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுதாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் கிடைக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். அது மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு உரியது, மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த எனக்குப் பொருந்தாது. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் மாதம் 20,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு முனைவர் பட்ட உதவித்தொகை தருகிறது. இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம் இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு, ஆவணக் காப்பகங்களுக்குப் போய்வருவதற்கான ஆய்வுப் பயண நல்கையும் வழங்குகிறது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்புகளைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருவதை, அதற்குத் தகுதியுள்ள என் தோழி ஒருத்தி என்னிடமிருந்துதான் முதன்முதலில் கேள்விப்பட்டாள். பதிவு செய்த அன்றே அவளுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் அந்த வளாகத்தில் இருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இவற்றுள் நீண்ட காலத்துக்குக் கைகொடுப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப்தான். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு உயர்ந்த பின் 42,000. இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் ஐந்தாண்டுகள். விடுதியில் இடம் பெறாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படியும் உண்டு. இதற்கான வயது வரம்பு 30 என்று பார்த்ததும் ஒதுங்கிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு இருக்கிறது. திருமணத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பிறகு படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி வாசலைத் திறந்துவைக்கிறது.

நான் ஏற்கெனவே நெட் தேறியிருந்தாலும், அது உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டுமே. ஜேஆர்எஃப்பிற்கு அதே தேர்வில் இன்னும் கூடுதல் மதிப்பெண் வேண்டும். ஆய்வில் சேர்ந்துவிட்டவர் மறுபடி தேர்வு எழுதிப் பயனில்லை என்று சிலர் சொன்னார்கள். விதியைப் படித்தபோது, ஏற்கெனவே சேர்ந்தவருக்குத் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து உதவித்தொகை கணக்கிடப்படும் என்று தெளிவாகவே இருந்தது. ஆகவே முதலாண்டுப் பாடநெறித் தேர்வுகளோடு இதற்கும் படித்தேன். மொத்தம் 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வரலாற்றுப் பாடத்தின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்களை அறிவுக்குறை அல்ல, இதுதான் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது என் உறுதியான எண்ணம். தமிழில் நன்கு தெரிந்த பாடப்பகுதிகளையே ஆங்கிலத்தில் மறுபடி படித்து, கலைச்சொற்களைத் தனி ஏட்டில் எழுதிப் பழகியது எனக்குக் கைகொடுத்தது.

ஜேஆர்எஃப் முடிவைக் காத்திராமல் வரலாற்று ஆய்வுக் கழகத்துக்கும் விண்ணப்பித்திருந்தேன். அந்த முன்மொழிவை எழுதும்போது நெறியாளர் அம்மா ஒன்றை விடாமல் வலியுறுத்தினார்: ஒவ்வொரு இயலுக்கும் நேராக, எந்த ஆவணத் தொகுதி, எந்த ஆண்டுகள், எங்கே இருக்கிறது, பார்க்க எத்தனை வாரம் ஆகும் என்று குறிப்பிட வேண்டும். "பயணச் செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை எழுதுவதற்கும், இன்ன குறிப்புகளுக்காக எழும்பூரில் இத்தனை வாரம் என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஜேஆர்எஃப் முந்திக்கொண்டதாலும், ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகைகளைப் பெற முடியாது என்பதாலும் அந்த விண்ணப்பத்தைத் தொடரவில்லை. ஆனாலும் அந்த முன்மொழிவுதான் பிறகு என் களப்பணிக் கால அட்டவணையாக அமைந்தது.

முடிவு வந்ததற்கும் பணம் வந்ததற்கும் நடுவில் பல மாதங்கள் சென்றன. சேர்க்கை அறிக்கையில் நெறியாளர், துறைத் தலைவர், பதிவாளர் என வரிசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். பிறகு கனரா வங்கியின் உதவித்தொகைத் தளத்தில் பல்கலைக்கழக அலுவலர் ஒருவர் விவரத்தை ஏற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னும் ஒவ்வொரு மாதமும் அந்த உறுதிப்படுத்தல் தொடர வேண்டும். அது தவறினால் அந்த மாதத் தொகை நிற்கும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கொடுத்த தாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி வைத்துக்கொண்டு, மாதத் தொடக்கத்திலேயே வருகைச் சான்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிலுவை மொத்தமாக வந்தபோது ஓராண்டுச் சேமிப்பு ஏறத்தாழக் கரைந்திருந்தது. அக்கா எழுதச் சொன்ன அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நான் பாதியிலேயே வகுப்பறைக்குத் திரும்பியிருப்பேன்.

ஜேஆர்எஃப்பில் கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு இதரச் செலவுத் தொகை முதல் இரண்டாண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதன் பிறகு 20,500. களப்பணி அதிகமாக நடப்பது முதல் இரண்டாண்டுகளில் என்பதால் இந்த முறை தலைகீழாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாண்டு முடிவில், வெளியிலிருந்து ஒரு வல்லுநர் உட்பட மூவர் குழு பணியை மதிப்பிட்ட பிறகே முதுநிலைக்கு உயர்வு. அதற்கு வேண்டிய அறிக்கையை முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி பதிவுக் காலம் ஆறாண்டுகள் வரை. பெண்களுக்கு மேலும் இரண்டாண்டுகள் நீட்டிப்புக் கிடைக்கும். பிள்ளைப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள்வரை விடுப்பும் உண்டு. உதவித்தொகையோ ஐந்தாண்டோடு நின்றுவிடும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கட்டணம், அச்சுச் செலவு, அதன் பின் வாய்மொழித் தேர்வு வரையிலான வருமானமற்ற மாதங்கள் ஆகியவற்றுக்காக, முதல் நிலுவை வந்த மாதத்திலிருந்தே ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவருகிறேன்.