பாட்டாவின் ஆதாரமும் ஒரு வருஷ மலையாளமும்

போன ஆடியில் ஷார்ஜாவிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். பதினேழு வருஷம் ஸ்டோர்கீப்பர் வேலை. வந்த முதல் மாதம் எதிரே வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எப்பம் திரும்பிப் போறே?" இனி போகவில்லை என்றால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் "அடுத்த மாசம்" என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அடுத்த மாசமும் வந்துவிட்டது.

விடியக்காலம் நாலரைக்கு எழும்பிப் பழகிய உடம்பு. எழும்பி என்ன செய்ய? ரப்பர் வெட்ட ஆள் இருக்கிறது. திண்ணையில் இருந்தால் அப்பா ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். அவருக்கு 83 வயது, பேச்சு எப்போதுமே கம்மி. எனக்கும் அவரோடு போனில் "பைசா வந்துதா?" என்று கேட்டுத்தான் பழக்கம்.

அப்படி ஒரு நாள் அம்மா டிரங்குப் பெட்டியை வெயிலில் காயவைத்தபோதுதான் பாட்டாவின் ஆதாரம், அதாவது அப்பாவைப் பெற்றவர் நிலம் வாங்கிய பத்திரம், கையில் வந்தது. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரத்தாள், மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகப் போகிற நிலைமை, இரண்டு பக்கம், முழுக்க மலையாளம். ஷார்ஜாவில் என் ரூமில் ஆறு பேர் மலையாளிகள். நான் வாயைத் திறந்தால் நெய்யாற்றின்கரைக்காரன் என்றே நினைப்பார்கள். ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மாத்ருபூமி பேப்பரில் ஏதாவது வேண்டுமானால் கூட இருப்பவனிடம் "அது என்னாண்ணு வாசி" என்பேன். அவர்களும் வாசித்துக் காட்டுவார்கள். அதில் எனக்கு வெட்கமே இருந்ததில்லை. சொந்தப் பாட்டா பேரில் இருக்கிற கடலாசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று சந்தேகம் வந்தபோதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சிங்ஙம் ஒன்று, அதாவது நம் ஆவணிப் பிறப்புக் கணக்கு, மலையாள வருஷப் பிறப்பு. அன்றைக்கே தொடங்கினேன். பாறசாலையில் போய் ஒன்றாங்கிளாஸ் புத்தகம் ஒன்றும் நாலுவரி நோட்டு ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் "பிள்ளைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தமிழ் தெரிந்தவனுக்கு முதல் பத்து நாள் சுகமாகப் போகும். உ, ண, ய, வ எல்லாம் நம் எழுத்தைக் கொஞ்சம் உருட்டிவிட்டது போலத்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் நம் இடத்திலேயே நிற்கின்றன. ந, ன இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. இடத்தைப் பார்த்து நாமே உச்சரித்துக்கொள்ள வேண்டும். ஆகா, மிச்சம் ஒரு எழுத்து என்று சந்தோஷப்பட்டேன். அந்த மிச்சத்தை வேறு இடத்தில் வட்டியோடு வாங்கிக்கொண்டார்கள். நமக்கு ஒரே க. அவர்களுக்கு நான்கு. 'ரதம்' என்பதில் வருகிற த-வும் 'தனு' மாதத்தில் வருகிற த-வும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. இன்றைக்கும் அவசரத்தில் ஒன்றை மற்றொன்று என்று கூப்பிட்டுவிடுகிறேன்.

புரட்டாசி, ஐப்பசி முழுக்கப் பயிற்சி களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில்தான். கேரள பஸ் வந்து நிற்பதற்குள் போர்டை வாசித்துவிட வேண்டும், கண்டக்டர் கூவுவதற்கு முன்னால். வெள்ளறட, பூவாறு எல்லாம் சீக்கிரம் வசப்பட்டன. நெய்யாற்றின்கர மட்டும் ஒரு போர்டே மூன்று பாடம். இரட்டை ய என்றால் ய-வின் கீழே சின்ன முக்கோணம் ஒன்று தொங்கும். இரட்டை ற என்றால் ற-வின் தலையில் ற. 'ன்' என்பது புள்ளி வைத்த ன இல்லை. அதற்குத் தனியாகச் 'சில்லு' என்று ஒரு எழுத்து. முதல் வாரம் நான் 'நெய்யா' வரைக்கும் வருவதற்குள் பஸ் பின்னாலேயே எடுத்துப் போய்விடும். கார்த்திகை வந்தபோது பஸ் வளைந்து திரும்புகிற நேரத்தில் வாசிக்க முடிந்தது. டீக்கடைக்காரருக்கு என்மேல் ஒரு சம்சயம் இருந்திருக்க வேண்டும். தினமும் வந்து நிற்கிறான், எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லையே.

ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. நாம் மெய்க்குப் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் பிறை போல ஒரு வளைவு வைக்கிறார்கள், சந்திரக்கலை. காற்று என்று நாம் எழுதுகிறோமே, கடைசி 'உ' பாதிதானே ஒலிக்கும்? பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று அடித்துப் படிக்கவைத்தார்களே, அது. தமிழில் எழுதும்போது முழு உ-தான் போடுகிறோம். மலையாளத்தில் அந்தப் பாதி உ-வுக்கு அந்தப் பிறையைப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். நாற்பத்தி நாலு வயதில், பாறசாலையில் வாங்கிய ஒன்றாங்கிளாஸ் புத்தகத்தில்தான் எனக்குக் குற்றியலுகரம் விளங்கியது.

மார்கழியில் மனோரமா தலைப்புகள் தடங்கலில்லாமல் வந்தன. ஒரு பத்தி வாசிக்க ஆறு நிமிஷம். சரி, இனி ஆதாரம் என்று எடுத்து விரித்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

கையெழுத்துதான் காரணம் என்று நினைத்தேன். பாதிதான் உண்மை. 1971-ல் கேரள அரசு தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியாக லிபியைச் சுருக்கிவிட்டது. அதற்கு முன்னால் கு, து, ரு, நு ஒவ்வொன்றுக்கும் உகரம் வேறு வேறு மாதிரி எழுத்தோடு ஒட்டிப் பிணைந்திருக்கும். கூட்டெழுத்துகள் இரண்டு மூன்று மாடி ஏறும். நம்மிடம் 1978-ல் லை, ணை எல்லாம் துதிக்கையை இழந்ததே, அதைப் போலப் பத்து மடங்கு. நான் படித்தது புதிய லிபி. பாட்டா எழுதிவாங்கியது பழைய லிபி. நான்கு மாதம் வேறு வண்டிக்கு டிக்கெட் எடுத்துக் காத்திருந்திருக்கிறேன்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். 1956 நவம்பர் 1-ல் எங்கள் விளவங்கோடு தாலுகா கேரளத்தோடு போகாமல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவர் எட்டாங்கிளாஸ். அதுவரை படித்ததெல்லாம் மலையாளத்தில். இது எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. கேட்கத்தான் தோன்றவில்லை. கண்ணில் புரை. தாளில் மை பழுப்பாக மங்கிக் கிடந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, என் விரலால் நோட்டில் அதே வளைவை வரைந்து காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஆள்காட்டி விரலால் வேட்டிமேல் அதை ஒருமுறை எழுதிப் பார்ப்பார். அப்புறம் சொல்வார்: "து." அவருடைய கண்ணுக்கு மறந்துபோனது கைக்கு மறக்கவில்லை.

ஒரு நாள் நான் பிடிவாதமாக வேகம் காட்டியபோது, "பைய வாசி மக்களே. எழுத்து எங்கயும் ஓடிப் போவாது, கேட்டியா" என்றார். அப்பா என்னை மக்களே என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

இரண்டு வாரம் என்னைச் சுற்றவிட்டது 'டி' என்ற ஒற்றை எழுத்து. வரிக்கு வரி டி, டி. டி புரயிடம், டி வஸ்து. எங்கள் குடும்பத்தில் டி என்று தொடங்குகிற பேர் யாருக்கு என்று யோசித்து, ஒரு பெரியம்மாவை வரைக்கும் சந்தேகப்பட்டுவிட்டேன். அப்பாவிடம் கேட்டதும் அவர் சிரித்தார். "நம்ம பத்திரத்துல மேற்படிண்ணு போடுவாம்லா. அதுதாம்." தமிழில் மேற்படிக்கு ௸ என்று ஒரு வளைந்த குறி உண்டே, அதே வேலையை அங்கே டி செய்கிறது.

ஆதாரத்தின் தேதி 1112 விருச்சிகம் (நம் கார்த்திகை) 9. கொல்லவர்ஷம் என்கிற அந்த மலையாள ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் போதும் என்று 1937 என்று நோட்டில் எழுதிவைத்தேன். தப்பு. வருஷம் ஆவணியில் பிறப்பதால், சிங்ஙத்திலிருந்து தனு (மார்கழி) பாதி வரைக்கும் 824-தான் கூட்ட வேண்டும். ஆக 1936, நவம்பர் கடைசி வாக்கில். அதே வருஷம் துலாம் 27-ல்தான், அதாவது நவம்பர் 12-ல், திருவிதாங்கூரில் க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம், எல்லாச் சாதி இந்துக்களையும் கோயிலுக்குள் விட்ட அறிவிப்பு, வந்தது. அதற்கு இரண்டு வாரம்கூட ஆகாத நேரத்தில் பாட்டா 42 சென்ட் வாங்கியிருக்கிறார். விலை 210 ரூபாய் 14 சக்கரம். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம் என்பதால், அந்த 14 சக்கரம் அரை ரூபாய். அந்த அரை ரூபாய்க்குப் பேரம் எப்படி நடந்திருக்கும் என்று நானும் அப்பாவும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். கடைசியில் பாட்டாதான் குறைத்துக் கேட்டிருப்பார் என்று அப்பா முடிவு செய்தார். அவருக்கு ஆளைத் தெரியுமே.

வாங்கிய இடத்தில் நின்ற மரங்களும் எழுதியிருக்கின்றன: தெங்கு 14, பிலா (பலா) 3, மாவு (மாமரம்) 2, கமுகு 30. இன்றைக்கு அங்கே ரப்பர் மட்டும்தான்.

பங்குனியில் ஒரு மானக்கேடு. நான் வாசிக்கிறேன் என்று ஊரில் பரவிவிட்டது. ஒரு சித்தப்பா தன் பாகபத்திரத்தைக் கொண்டுவந்தார். "நிலம் 30 சென்ட்" என்று வாசித்து, வீடு நிற்கிற இடமும் சேர்த்துத்தான் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கே தம்பி வீட்டு வாசலில் போய்ச் சண்டைக்கு நின்றிருக்கிறார். திருவிதாங்கூர் ஆதாரத்தில் நிலம் என்றால் நெல் விளைகிற வயல். வீடும் தெங்கும் நிற்கிற மேட்டு இடம் புரயிடம். பழைய ஆதாரம் எழுதுகிறவர் ஒருவர் ஒரு நிமிஷத்தில் இதைச் சொல்லிவிட்டார். எழுத்து தெரிந்தால் பாஷை தெரியும் என்று நினைத்தது என் கெட்ட நேரம். சித்தப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சாயா கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. இப்போது யார் கொண்டுவந்தாலும் வாசித்து மட்டும் சொல்கிறேன். அர்த்தத்துக்கு அந்த ஆதாரம் எழுதுகிறவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

மற்ற மாற்றங்களும் உண்டு. எடை ஐந்து கிலோ குறைந்தது. சிகரெட் நின்றது, அதற்குக் காரணம் மலையாளம் இல்லை, விலை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதப் பாதிநாள் போகிறேன். ஷார்ஜா சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும், ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். "எப்பம் போறே" என்று கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். நான் இங்கேயே இருப்பது அவர்களுக்கும் பழகியிருக்கும்.

சித்திரையில் அம்மா நச்சரித்து அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய மறுநாளே ஆதாரத்தை எடுத்துத் தரச் சொன்னார். முதல் பக்கத்தை எனக்கு முன்னால் வாசித்து முடித்துவிட்டார். மாதக்கணக்கில் பாடுபட்டவன் நான். கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

இன்றைய நிலவரம்: முதல் பக்கம் முழுக்கத் தெளிவு. இரண்டாம் பக்கத்தில் தெரியாத சொற்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன, இப்போது பதினொன்று. பெரும்பாலும் மடிப்பில் கிழிந்தவை. அதில் ஒன்று கிழக்கு எல்கையில் வருகிறது. கைதை என்று நான் சொல்கிறேன், வேலியில் நின்ற தாழம்புதர். இல்லை, அது கைத்தோடு, அந்தப் பக்கம் ஒரு ஓடை போனது, தனக்கு நல்ல ஞாபகம் உண்டு என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் இரண்டு பேரும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.