ஏழாவது கேள்வி

ஆய்வுக்காகப் பேசிய ஒரு அக்காவின் படிவத்தில் ஏழாவது கேள்விக்கு நான் 0 போட்டேன். அக்கா சொன்னதைத்தான் போட்டேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருந்தும் அந்த 0 உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பை (பி.டி.எஸ்.டி.) அளக்கும் பி.சி.எல்-5 படிவத்தில் 20 கேள்விகள். போன ஒரு மாதத்தில் எவ்வளவு தொந்தரவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 (துளியும் இல்லை) முதல் 4 (மிக மிக அதிகம்) வரை. நடந்ததை ஞாபகப்படுத்தும் இடம், ஆட்கள், பொருள், வேலை இவற்றைத் தவிர்க்கிறீர்களா என்பது ஏழாவது. பட்டாசு ஆலை விபத்தில் தங்கையைப் பறிகொடுத்துவிட்டு, சாத்தூர்ப் பக்கம் இன்னொரு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலைக்குப் போகிறவரிடம் இதைக் கேட்டேன்.

"எப்படித் தாயி தவிர்க்க? திங்கக்கிழம விடிஞ்சா அங்கதான போகணும். அந்த வாடை இல்லாம எனக்கு ஒரு நாளு கிடையாது."

"போகாம இருக்கணும்னு தோணுமாக்கா?"

"தோணி என்ன செய்ய?"

தோன்றுகிறதா என்று படிவம் கேட்கவில்லை, தவிர்த்தீர்களா என்றுதான் கேட்கிறது. அதனால் 0. 'வழி இருந்தால் தவிர்த்திருப்பார்' என்று நானாக 2 போட்டால் அது என் ஊகம், அவருடைய பதில் ஆகாது. இந்த நியாயத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆறாவது கேள்வி நினைவுகளைத் தவிர்ப்பது பற்றியது. "அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்" என்றார். அதற்கு 1.

மொத்தம் 44 வந்தது. 31 முதல் 33-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. ஆனால் எங்கள் ஆய்வில் எடுத்துக்கொண்டது டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வரையறைக் கையேட்டின் முறை. அதன்படி ஆறு, ஏழு இரண்டில் ஒன்றிலாவது 2 இருந்தால்தான் பி.டி.எஸ்.டி. கணக்கில் வரும். கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கம் எல்லாவற்றிலும் 3, 4 என்று சொன்னவர் கடைசியில் 'இல்லை' வரிசைக்குப் போய்விட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா வாசற்படிக்கு வெளியே நின்றார். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, "சொல்லு தாயி" என்றார். ஆலையிலும் வாசலை ஒட்டிய இடத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டாராம். அதை 17-ஆவது கேள்வியில், எந்நேரமும் உஷாராக இருப்பதில் சேர்த்தேன். ஏழில் சேர்த்திருக்கலாமோ? தவிர்க்கவே முடியாத ஒரு அறைக்குள் ஒருவரால் செய்ய முடிகிற தவிர்ப்பு அவ்வளவுதானே என்று சில நாள் தோன்றும். சில நாள், நான் வேண்டிய விடைக்கு ஆதாரம் தேடுகிறேன் என்று தோன்றும்.

என் ஆய்வு வழிகாட்டி சொன்னது, ஒருவருக்காக விதியை வளைத்தால் மற்ற எண்கள் எதற்கும் பயன்படாது என்று. சரிதான். ஆனால் இது ஒருவர் விஷயம் இல்லை. வேலைக்குத் திரும்பிய பெண்களில் நிறையப் பேர் ஏழாவது கேள்விக்கு அதே பதிலைத்தான் சொன்னார்கள். 'வேலைக்குத் திரும்பியவர்களிடம் பாதிப்பு குறைவு' என்று எங்கள் அட்டவணையைப் பார்த்து யாராவது எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம். சிகிச்சையில் நாங்களே பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கச் சொல்கிறோம், அதனால் அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் ஆபத்து கடந்துபோன பிறகு செய்ய வேண்டியது அது. இங்கே ஆபத்து அடுத்த அறையில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்தது போன்ற பெரிய விபத்துதான் நாடு முழுக்கச் செய்தியாகும். ஒருவர் இருவர் இறந்தால் உள்ளூர்ப் பக்கத்தோடு சரி.

மொத்த மதிப்பெண்ணை வைத்து அக்காவுக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தேன், அதில் வழிகாட்டிக்கும் சம்மதம். ஆக, ஒரு தாளில் 'இல்லை', இன்னொரு தாளில் 'மருத்துவரைப் பார்க்கவும்'. மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்று 2017 சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கம் மனநல மருத்துவர் வருவது வார நாளில். அக்காவுக்குப் பீஸ் கணக்கில் கூலி, போகாத நாளுக்குக் காசு இல்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416-இல் இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்தான், ஆனால் ஆலைக்குள் செல்போன் கூடாது, வீட்டில் போன் மகன் கையில். நம்பரைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சுற்றில் ஏழுக்குப் பிறகு, 'தவிர்க்க வழி இருந்தால் தவிர்ப்பீர்களா?' என்று மதிப்பெண் இல்லாமல் ஒரு கேள்வி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். கூடவே ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு ஒரு மனு. கேள்விக்கு அனுமதி கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். மனுவைப் பற்றி அந்த நம்பிக்கை இல்லை.