அன்பும் வரம்பும்: ஏழு செவ்வாய்க்கிழமைகள்

கத்தரி நாற்றை எப்போது வெளியில் நடலாம் என்று கேட்கப் போன இடத்தில்தான், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் ஒரு வகுப்புக்கு நாங்கள் போன இந்தக் கதை ஆரம்பித்தது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறோம். கணவர் மருத்துவர். ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வந்த மருத்துவர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். மருத்துவர் கிடைக்காத ஊரில் மூன்று ஆண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் என்று கணக்கு. அந்த 30 பேரில் ஒருவராக இவர் வந்தார், இவர் பின்னால் நாங்கள் வந்தோம். எனக்கு எச்-4 விசா, அதாவது வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா, வேலைக்குப் போக அனுமதி இல்லை. அடுத்த வீட்டு விளக்கு அரை மைல் தள்ளித் தெரியும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவள் தோட்டம் போடாமல் வேறென்ன செய்வாள்?

நாற்றைப் பற்றிக் கேட்க எல்லோரும் கைகாட்டிய இடம் கடைத்தெருவில் இருந்த ஒரு மாடியில்லாக் கட்டடம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கவுண்டி விரிவாக்க அலுவலகம். ‘விரிவாக்கம்’ என்ற சொல் எனக்குப் புதிதல்ல. நான் புதுச்சேரிப் பக்கத்துப் பெண். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. அப்பா விதைக்கும் நாற்றுக்கும் அங்கே போவார். அதனால் விரிவாக்கம் என்றால் எனக்கு ஒரு ஜீப், ஒரு துண்டுப் பிரசுரம், வெயிலில் நிற்கும் ஓர் அலுவலர், அவ்வளவுதான். அங்கே மனையியல் படித்த ஓர் அம்மையார் சத்துமாவு அரைக்கச் சொல்லித்தந்த கதையை அம்மா பின்னால் தொலைபேசியில் சொன்னபோது எனக்கே வியப்பாக இருந்தது. அப்பா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

இங்கே அந்தப் பக்கம் இன்னும் பெரிது. 1914இல் வந்த ஸ்மித்–லீவர் சட்டம், பல்கலைக்கழகத்தில் இருக்கும் அறிவை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வழிசெய்தது. உழவும் மாடும் மட்டும் அதில் அடக்கமில்லை. சமையல், சேமிப்பு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் தொடக்கத்திலிருந்தே உண்டு. அயோவாவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒன்பது பேர் கொண்ட விரிவாக்கக் குழுவை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1985இல், கடன் நெருக்கடியில் பண்ணைகள் ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போன காலத்தில், மனம் உடைந்த விவசாயிகள் அழைத்துப் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணை இவர்கள்தான் தொடங்கினார்கள்.

அங்கிருந்த பெண்மணி மே மாதம் பாதி தாண்டட்டும் என்றார். நன்றிக்கு என் மாமியார் செய்முறையில் போட்ட பூண்டு ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. எண்ணெயில் பூண்டு, எத்தனை நாள் வெளியில் இருந்தது? புளிப்புக்கு என்ன சேர்த்தாய்? புளி என்றேன். எவ்வளவு? ஒரு கைப்பிடி என்று கையைக் காட்டினேன். காற்றுப்படாத இடத்தில், புளிப்புப் போதாத பண்டத்தில் பாட்டுலிசம் கிருமி நஞ்சு சுரக்கும், பி.எச். என்ற அளவு 4.6க்கு மேலே போகக்கூடாது, அந்த எண் ஏற ஏறப் புளிப்புக் குறைவு என்று பொருள், எண்ணெய் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று அரைமணி நேரம் பாடம் நடந்தது. பாட்டிலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அதைச் சாப்பிட்டு உயிரோடுதான் இருக்கிறது என்று வாய்வரை வந்தது. அன்றிலிருந்து அந்த ஊறுகாயைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்கிறேன். மாமியாரிடம் சொல்லவில்லை.

திருப்பிக் கொடுத்த பாட்டிலோடு ஒரு துண்டுத்தாளும் வந்தது. குடும்பங்களை வலுப்படுத்தும் வகுப்பு, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், ஏழு வாரம், செவ்வாய்தோறும் மாலையில், கட்டணம் இல்லை. வாங்கிப் பையில் போட்டேன். மாதக்கணக்கில் பையிலேயே கிடந்தது.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த நவம்பரில் அவன் ஆறு வாரமாகக் கணக்கு வீட்டுப்பாடம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. கேட்டால், எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னான். ஒரு மாதத்துக்குத் தொலைபேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தேன். சென்னையில் இருக்கும் அவன் அத்தை மகன் எப்படிப் படிக்கிறான் தெரியுமா என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். அறைந்து சாத்தியிருந்தால் திட்டியிருப்பேன். சத்தமே வராமல் சாத்தினான். அந்தத் தாள் அன்றிரவுதான் பையிலிருந்து வெளியே வந்தது.

கணவர் கேட்டதும் சிரித்தார். “நமக்கு என்ன குறை? இதெல்லாம் குடித்துவிட்டு அடித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு.” நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரில் எல்லோருக்கும் டாக்டரின் காரைத் தெரியும் என்ற கூச்சம் வேறு. கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு இது பாதகமாகுமோ என்ற பயமும் இருந்தது. வக்கீலிடம் கேட்டோம், வகுப்பில் உட்காருவது அரசு உதவித்தொகை வாங்குவதாகாது என்றார். பதிவு செய்தபோது பெயர், பிள்ளையின் வயது, உணவில் எதுவும் ஒவ்வாதா, சின்னக் குழந்தை இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்டார்கள். விசா பற்றி ஒரு சொல் இல்லை.

இவர் மருத்துவர் அல்லவா, ஆராய்ச்சியைத் தோண்டினார். இந்த வகுப்பு 1990களில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வடிவம் பெற்றது. அயோவாவின் கிராமப்புறத்தில் 33 பள்ளிகளை எடுத்துச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். வகுப்புக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் குடிப்பழக்கத்தைத் தொடங்குவது தள்ளிப்போனது தெரிந்தது. “ஆனால் ஸ்வீடனிலும் போலந்திலும் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை,” என்று கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். நாம் ஸ்வீடனிலா இருக்கிறோம் என்றேன். முதல் வாரம் அவர் வரவில்லை. இரவுப் பணி.

வகுப்பை ஜனவரி கடைசியில் தொடங்கினார்கள். இலையுதிர் காலத்தில் அறுவடை, ஏப்ரலில் விதைப்பு. நடுவில்தான் விவசாயிகள் வீட்டில் இருப்பார்கள். இடம் ஒரு தேவாலயத்தின் அடித்தளம். காரைப் பின்பக்கமாக நிறுத்தினேன். உள்ளே ஒன்பது குடும்பங்கள். பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர், இறைச்சி ஆலையில் வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பம், பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி, என் மகளின் வகுப்பு ஆசிரியை. ஆசிரியையைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. முதலில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. அன்று மாட்டிறைச்சிக் குழம்பு வைத்த பன், நாங்கள் சிப்ஸைக் கொறித்தோம். மறுவாரம் எங்களுக்கென்று காய்கறி பீட்சா தனியாக வந்திருந்தது. ஆறு வயது மகளை உயர்நிலைப் பள்ளி மாணவிகள் இருவர் பக்கத்து அறையில் பார்த்துக்கொண்டார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் இரண்டாம் வாரம் போயிருக்க மாட்டேன்.

முறை எளிது. முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறை, பிள்ளைகள் ஓர் அறை. அடுத்த ஒரு மணி நேரம் குடும்பமாக ஒரே மேசை. பெற்றோர் அறையில் வீடியோ ஓடும். அம்மா கத்துகிறாள், பிள்ளை எதிர்த்துப் பேசுகிறான். படம் நிற்கிறது, பேசுங்கள் என்கிறார்கள். நடிப்பு சுமார்தான், தலைமுடி அலங்காரம் பழைய காலத்தது. ஆனாலும் மூன்றாவது காட்சியில் அந்த அம்மா பேசிய தொனி என்னுடையது. நாற்காலியில் நெளிந்தேன்.

ஏழு வாரத்துக்கும் பல்லவி ஒன்றுதான், அன்பும் வரம்பும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். “நீ களைப்பாக இருக்கிறாய் என்று தெரிகிறது, ஆனாலும் ஒன்பது மணிக்குத் தொலைபேசியை அடுக்களையில் வைத்துவிட வேண்டும்.” நம் வீடுகளில் அன்பு சோற்றில் இருக்கும், வரம்பு வாயில் இருக்கும். இரண்டும் சேர்ந்து வாயிலிருந்து வருவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

தண்டனையைப் பற்றிய வாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர் ஒரு கதை சொன்னார். மகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று, அவள் ஐந்து மாதம் வளர்த்த பன்றியைக் கவுண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கோபத்தில் சொன்ன சொல். திரும்ப எடுக்க மானம் விடவில்லை. கண்காட்சி நாளன்று தொழுவத்தில் அவரும் மகளும் பன்றியும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சின்னத் தப்புக்குச் சின்னத் தண்டனை, அதுவும் சீக்கிரம் முடிகிற தண்டனை என்பதுதான் அன்றைய பாடம். பீரோவில் இருந்த தொலைபேசி நினைவுக்கு வந்தது. அவன் தப்பு எது என்பது மறந்து, தண்டனை மட்டும் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது.

நான்காம் வாரம் பனிப்புயலில் தள்ளிப்போனது. ஐந்தாம் வாரத்துக்கு முன்பே இவரும் வரத் தொடங்கிவிட்டார்.

எங்களுக்கு உண்மையில் ஏதோ நடந்தது ஒரு பயிற்சியில். ‘நீ இப்படிச் செய்யும்போது எனக்கு இப்படி இருக்கிறது, ஏனென்றால்…’ என்று சொல்லிப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் எனக்கு வருத்தம், கோபம் என்ற இரண்டு சொல்லுக்குமேல் நகரவில்லை. வகுப்பு நடத்தியவர், உன் மொழியிலேயே சொல் என்றார். மேசையில் மகன் எதிரே உட்கார்ந்து, நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“நீ பேசாமல் கதவைச் சாத்திக்கொள்ளும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது,” என்றேன்.

அவன் நிமிர்ந்தான். “வயிற்று வலியா?”

“வலி இல்லை. பயம் வந்தால் அப்படி இருக்கும்.”

“உனக்கு என்ன பயம்?”

இந்த ஊரில் எனக்குப் பேச இருக்கும் ஆட்கள் நீங்கள் மூன்று பேர்தான், அதில் ஒருவன் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வேன் என்றேன். அதை அவனிடம் சொல்லவேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை. அவன் வகுப்பு நடத்தியவரைப் பார்த்து, அம்மாவுக்கு வயிற்றுக்குள் யாரோ மாவு பிசைகிற மாதிரி இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். பக்கத்து மேசைப் பாட்டி, சரியாகத்தான் சொல்கிறாள் என்று தலையாட்டினார். பிறகு அவன் முறை. அவன் அதிகம் யோசிக்கவில்லை. அத்தை மகனைப் பற்றி நீ பேசும்போது, நான் இந்தியாவிலேயே இருந்திருந்தால் உனக்குப் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது என்றான். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

கணக்கு வீட்டுப்பாடக் கதை அதற்கடுத்த ஞாயிறுதான் வெளியே வந்தது. இங்கே வகுத்தல் கணக்கை எழுதும் முறை வேறு. நான் சொல்லித்தந்த முறையில் போட்டதை வகுப்பில் ஒருவன் பார்த்துச் சிரித்திருக்கிறான். அதிலிருந்து கொடுக்கவே இல்லை.

எல்லாம் பொருந்தியது என்று சொல்ல மாட்டேன். நல்ல நடத்தைக்குப் புள்ளி போட்டுப் பரிசு தரும் அட்டவணை எங்கள் வீட்டில் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பாத்திரம் கழுவினால் எத்தனை புள்ளி என்று மகள் வியாபாரம் பேச ஆரம்பித்துவிட்டாள். பழைய பத்திரிகைகளில் படம் வெட்டி ஒட்டிக் கனவுகளைக் காட்டும் பயிற்சியில் மகன் ஒரு டிராக்டரை ஒட்டினான். இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நண்பர்கள் தப்பான இடத்துக்கு இழுத்தால் எப்படி மறுப்பது என்று பிள்ளைகளுக்குப் படிப்படியாக நடித்துக் காட்டச் சொன்னார்கள். கேள்வி கேள், அது என்ன தப்பு என்று பெயர் சொல், வேறு ஒன்று செய்யலாம் என்று மாற்று சொல், அப்படி. அதை அவன் முதலில் பயன்படுத்தியது என்னிடம், பாகற்காய்க்கு.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அநேகமாக எல்லாக் கவுண்டிக்கும் இப்படி ஒரு விரிவாக்க அலுவலகம் உண்டு, அந்தந்த மாநிலத்தின் நில மானியப் பல்கலைக்கழகத்தை, அதாவது அரசு தந்த நில மானியத்தின் உதவியால் உருவான பல்கலைக்கழகத்தை, சேர்ந்தது. எல்லா இடத்திலும் இதே வகுப்பு நடப்பதில்லை. ஓரிடத்தில் நீரிழிவுக்காரர்களுக்கான சமையல் வகுப்பு, இன்னோரிடத்தில் வேறொன்று. நேரில் போய்க் கேளுங்கள். ஊறுகாய் கொண்டுபோகாதீர்கள்.

ஏழு வாரம் முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மாவிடம் படம் எடுத்து அனுப்பினேன், எதற்குக் கண்ணு பரிசு என்று கேட்டாள். நினைவூட்டும் வகுப்புகள் நான்கு இன்னும் பாக்கி. வகுப்பில் பழக்கிய குடும்பக் கூட்டம் மட்டும் ஞாயிறு மாலையில் விடாமல் நடக்கிறது. பேச வேண்டியதை வாரம் முழுவதும் யார் வேண்டுமானாலும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கும் தாளில் எழுதலாம். இந்த வாரத் தாளில் மகன் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, சாப்பிடும்போது அப்பா தொலைபேசி பார்க்கிறார். இரண்டு, பூண்டு ஊறுகாய் இருப்பதால் பாலும் வாசனை அடிக்கிறது. அதற்குக் கீழே இவர் எழுத்தில், இரண்டாவதை ஆமோதிக்கிறேன்.