விலை மட்டும் போதுமா? தமிழ்நாட்டின் நில எடுப்பு வழக்கு

ஒருவருடைய நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும்போது அவருக்குச் சேர வேண்டியது நியாயமான விலை மட்டும்தானா? ‘என் நிலம் எதற்கு வேண்டும், வேறிடம் இல்லையா’ என்று கேட்டுப் பதில் பெறும் உரிமையும் அவருக்கு உண்டா? 2013 ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு சேர்த்த 105ஏ பிரிவு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் நடந்த வழக்குகளை நான் விடாமல் படித்துவந்ததற்கு இந்தக் கேள்விகளே காரணம். காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் உறவினர்கள் இன்னமும் நன்செய் வைத்திருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே அந்த ஊர்களில் கிணறு வெட்டுவதும் வீடு கட்டுவதும் நின்றுவிடும்.

வெள்ளையர் காலத்து 1894 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2013 இல் இயற்றிய நில எடுப்புச் சட்டம், 2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சந்தை மதிப்பும், கிராமப்புறத்தில் அதை இரண்டு மடங்கு வரை உயர்த்தும் ஏற்பாடும், அதற்கு மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும் அதில் இருப்பதைப் பலரும் அறிவார்கள். அந்தச் சட்டத்தின் உயிர் வேறு இடத்தில் இருந்தது என்பதே என் கருத்து. நிலத்தை எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தி, ஊர் மக்களைக் கூட்டி, திட்டம் உண்மையிலேயே பொது நோக்கத்துக்கானதுதானா, கேட்கும் பரப்பு தேவைக்கு மிஞ்சியதா என்று ஆராய வேண்டும். தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரும், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமானால் 70 விழுக்காட்டினரும் இசைய வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தில், வேறு வழியே இல்லாத நிலையில்தான் கை வைக்கலாம்.

தமிழ்நாடு அரசு இந்தச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் செருகி, 2015 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 1978 ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997 ஆம் ஆண்டுச் சட்டம், 2001 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கு 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்பதே அப்பிரிவின் சாரம். இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்தியச் சட்டத்தின்படி கிடைக்கும். தாக்க மதிப்பீடும் இசைவும் கிடையா. உரிமையாளருக்கு எஞ்சியவை, காரணம் கேட்டு வரும் ஒரு நோட்டீசும், அதற்கு அவர் எழுதும் ஆட்சேபமும், ஒரு விசாரணையும்தான்.

நிலம் எடுத்தல் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்லாது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மட்டுமே 254(2) உறுப்பின்படி அது அந்த மாநிலத்தில் நிலைக்கும். இதை வைத்துத்தான் 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 105ஏ பிரிவை ரத்து செய்தது. மத்தியச் சட்டம் உருவான 2013 செப்டம்பர் 27 அன்றே மூன்று மாநிலச் சட்டங்களும் செத்துவிட்டன, செத்த சட்டத்தை ஒரு பிரிவைச் சேர்த்து எழுப்ப முடியாது, மீண்டும் முறைப்படி இயற்றித்தான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஏற்கெனவே திட்டத்துக்குப் பயன்பட்டுவிட்ட நிலங்கள் நீங்கலாக, அந்த நாளுக்குப் பிறகு இச்சட்டங்களின்படி நடந்த எடுப்புகள் செல்லாமல் போயின.

வழக்குத் தொடுத்த விவசாயிகளின் மகிழ்ச்சி ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை. சட்டமன்றம் மூன்று சட்டங்களுக்கும் மீண்டும் உயிரூட்டும் புதிய சட்டத்தை நிறைவேற்றி, 2013 செப்டம்பர் 26 முதலே, அதாவது மத்தியச் சட்டம் உருவாவதற்கு முந்தைய நாளிலிருந்தே, அது நடப்பில் இருந்ததாக எழுதியது. 2019 டிசம்பர் 2 அன்று குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்தார். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றம் தீர்ப்பை மீறவில்லை, தீர்ப்புக்கு அடிப்படையான குறையைத்தான் நீக்கியது என்பதும், மத்தியச் சட்டத்திலிருந்து வேறுபட 254(2) உறுப்பே இடம் தருவதால் அந்த வேறுபாட்டையே பாகுபாடு எனக் கொள்ள முடியாது என்பதும் அதன் வாதம். சட்டத்தின் கணக்கில் இந்த வாதத்தைக் குறை சொல்வது கடினம். ஆனால், சமூகத் தாக்க மதிப்பீடு இல்லாமல் எடுத்தால் என்ன தீங்கு என்ற கேள்விக்கு ஏழாண்டுகளாக அரசு மக்களிடம் விடை சொல்லவே இல்லை என்பதை அது மாற்றிவிடவில்லை.

மாநிலம் தோற்றதும் சட்டத்தையே மாற்றிக்கொள்வது இங்கே புதிதன்று. கூடலூர் ஜன்ம (பரம்பரை உரிமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் காட்டு நிலங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று 1972 இல் தீர்ப்பு வந்தபோது, 1974 இல் அச்சட்டம், நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்கும் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைக்கப்பட்டது. அதிலிருந்து கிளைத்த வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24 க்குப் பிறகு அந்த அட்டவணையில் நுழைந்த எந்தச் சட்டத்தையும் திருத்தத்தாலும் குலைக்க முடியாத அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்டு சோதிக்கலாம் என்று 2007 இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது.

மாநில அரசுக்கு நிலம் எடுக்கும் அதிகாரமே கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தை மற்ற இரண்டோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த விலை கொடுத்தாலும் சேரி மக்களுக்கு மனை விற்க முன்வராத நிலக்காரர்கள் இருந்த ஊர்களில், அரசு எடுத்துக் கொடுத்திராவிட்டால் அந்தக் குடும்பங்களுக்கு வீட்டுமனை கிடைத்திருக்காது. உச்ச நீதிமன்றம்கூட இழப்பீட்டைத் தவணையில் தரும் விதியை மட்டும் நீக்கிவிட்டு அச்சட்டத்தை ஏற்றது. ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கு எடுப்பதும், ஊர் ஓரத்தில் சில ஏக்கரை மனைகளுக்கு எடுப்பதும் ஒரே அளவு அவசரம் உடையவை என்று 105ஏ பிரிவு கொண்டதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை.

1978 இல் வந்த 44 ஆவது திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமை அன்று. 300ஏ உறுப்பு தரும் அரசமைப்பு உரிமை மட்டுமே. ஆயினும் 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில், அந்த உறுப்புக்குள் நோட்டீஸ் பெறும் உரிமை, ஆட்சேபம் கேட்கப்படும் உரிமை, காரணம் கூறும் ஆணை, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, விரைவான நடைமுறை, உரிய முடிவு என ஏழு கூறுகள் அடங்கியிருப்பதாக உச்ச நீதிமன்றம் விளக்கியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் காட்டி ஒரு மாநிலம் இவற்றிலிருந்து விலகிவிட முடியாது. ஆட்சேபத்தைக் கேட்டதாகக் குறித்துவிட்டு, ஒரே வாசகத்தை எல்லாப் பட்டாதாரருக்கும் நகலெடுத்து அனுப்பும் ஆணைகள் இனி இந்த அளவுகோலுக்கு முன் நிற்க வேண்டியிருக்கும்.

2023 ஏப்ரலில் நிறைவேறிய, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் அடங்கிய பரப்புகளைப் பற்றியது என்பதால், இந்த வழக்குகள் ஓயப்போவதில்லை. தொழில் நோக்கச் சட்டத்திலும் நெடுஞ்சாலைச் சட்டத்திலும் சமூகத் தாக்க மதிப்பீட்டைச் சேர்க்கும் ஒரு சிறு திருத்தத்தைச் சட்டமன்றம் நாளைக்கே கொண்டுவரலாம். எந்த நீதிமன்றத் தீர்ப்பும் அதைத் தடுக்கவில்லை.