பண்ணவாடி பரிசலும் ஜிலேபி மீனும்

மேட்டூர் மீன் என்றாலே பலருக்கும் கட்லாவும் ரோகுவும்தான். எனக்கு உள்ளங்கை அகல ஜிலேபி (திலேப்பியா) போதும். தூண்டிலில் நன்றாகவே மல்லுக்கட்டும், வாணலியில் முழுசாக அடங்கும்.

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர், அப்புறம் கொளத்தூர் தாண்டிப் பண்ணவாடி பரிசல்துறை. எதிரே தெரிகிற நாகமரை தருமபுரி மாவட்டம். மீன்பிடி உரிமம் உள்ள பரிசல்கார அண்ணன் ஒருவர் பழக்கம். வலை எடுத்து முடித்த பிறகு என்னை ஏற்றிக்கொள்வார்.

கோவளத்தில் கயாக் ஓட்டியிருக்கிறேன். அதற்கு மூக்கு என்று ஒன்று உண்டு, துடுப்பு போட்டால் நேராகப் போகும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சற்றே பெரிய மீன் இழுத்தால் நாமும் சேர்ந்து சுற்றுவோம். "நடுவுல குந்துங்க தம்பி, எட்டிப் பாக்காதீங்க" என்பதுதான் அண்ணனின் ஒரே பாடம்.

இங்கே பருவத்தை உள்ளூர் வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேட்டூரில் வெயில் கொளுத்தும்போதே குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்தால் அணை ஏறும். முழு மட்டம் 120 அடி. ஜூன் 12-ல் குறுவை நெல் சாகுபடிக்குத் திறப்பது வழக்கம் என்றாலும், தண்ணீர் இருந்தால்தானே! மட்டம் ஏற இறங்கக் கரையே இடம் மாறும். போன முறை தூண்டில் போட்ட இடத்தில் இந்த முறை ஆடு மேயும்.

எனக்குப் பிடித்தது பங்குனி, சித்திரைதான். 1934-ல் கட்டி முடித்த அணையில் மூழ்கிய ஊர்களின் மிச்சமாக, தண்ணீர் நன்றாக வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். கரையோரத் தெளிந்த நீரில் தாம்பாள அகலத்துக்குக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி வாயால் தோண்டிய குழி அது. உடம்பு கருத்து, தொண்டை வெளுத்து, செட்டை ஓரம் சிவந்து காவல் நிற்கும். முட்டையை வாயில் அள்ளிக்கொண்ட தாய் பெரும்பாலும் இரை எடுக்காது. தூண்டிலில் சிக்குவது இந்தக் காவல்காரன்தான். தூண்டில் நரம்பில் சின்னத் தக்கை, முள்ளில் அரை மண்புழு. தக்கை முங்காமல் பக்கவாட்டில் நழுவினாலே சுண்டிவிட வேண்டும். முள்ளைக் கழற்றும்போது தலையிலிருந்து வாலை நோக்கித் தடவி முதுகு முட்களைப் படிய வைத்துப் பிடியுங்கள். இல்லையென்றால் கை கிழிந்துவிடும்.

ஆடியில் புதுத்தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தால் கதை வேறு. மூழ்கிய புல்லோரமாகப் புழுவைத் தேடி மீன் ஒதுங்கும். பரிசலே வேண்டாம், கரையிலிருந்தே போடலாம். வெள்ள எச்சரிக்கை விட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மார்கழி சோம்பல் மாதம். பனி விலகி வெயில் ஏறும்வரை மீன் கடிக்காது, அப்புறம் கடித்தாலும் சற்று ஆழத்தில்தான். விடியலிலேயே போய் நடுங்குவதைவிடத் துறையில் டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு இறங்குவது மேல்.

கோடை மீனில் லேசாகச் சேற்று வாடை இருக்கும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். அப்புறம் மிளகாய்த் தூள், எலுமிச்சை, சூடான கடலை எண்ணெய். மேட்டூர் கடைகளில் கிடைக்கும் வறுவலுக்கு இது கொஞ்சமும் குறைச்சலில்லை.