தரம் 6, 7, 8: மூதூர்ப் பக்கம் ஒரு வருடம்

கல்வியியற் கல்லூரியில் படித்த மூன்று வருடத்தில் கடைசி வருடம் முழுக்கப் பாடசாலையில்தான் பயிற்சி. அதனால் நியமனக் கடிதத்தோடு மூதூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வகுப்பறை எனக்குப் புதிதாக இருக்கவில்லை. தரம் 6 முதல் 8 வரை கணிதம். பயிற்சிக் காலத்தில் பின்னால் ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், இப்போது அந்தக் கதிரை காலி. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

வீடு திருகோணமலை நகரில். 7.30க்குள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து விழ வேண்டும், பிறகு அதிபர் சிவப்புக் கோடு அடித்துவிடுவார். விடியமுன் பஸ் ஏறினால்தான் சரி. கிண்ணியாப் பாலம் வந்ததும் மூத்த ஆசிரியர்கள் பழைய கதையைத் தொடங்குவார்கள். 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைப் பாதைதானாம். அது அக்கரையில் நின்றால் நின்றதுதான். "நீங்க குடுத்து வெச்சவ பிள்ள" என்பார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கிறவளுக்கு அப்படித் தோன்றாது.

முதல் சம்பளம் கைக்கு வரச் சில மாதம் ஆனது. கோப்பு எந்த மேசையில் கிடந்தது என்று எழுதப் போனால் வேறெதையும் எழுத முடியாது. புதிதாக நியமனம் பெறுகிறவர்கள் பஸ் காசுக்காவது முன்கூட்டியே ஒரு வழி பார்த்து வையுங்கள்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். தரம் 5 வரைக்கும் ஒரே வகுப்பாசிரியரின் கைக்குள் இருந்தவர்கள், தரம் 6இல் நாற்பது நிமிடத்துக்கு ஒருவர் வந்து போவதைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். பின்னம் விளங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. "டீச்சர், பக்கம் முடிஞ்சு போச்சு, மற்றப் பக்கத்துல எழுதவா?" "டீச்சர், கோடு சிவப்புப் பேனையால அடிக்கவா?" இப்படி ஒரு பாடவேளைக்குள் எத்தனை கேள்வி! எரிச்சல் வரும்தான். ஆனால் அதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகுதான் அவர்கள் பின்னத்துக்கு வருகிறார்கள். அந்த வரிசையை மாற்ற முடியாது.

இன்னொன்று, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்களில் சிலர் நகரப் பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சியிருக்கிற பிள்ளை பத்து, பதினொரு வயதிலேயே "நான் பாஸில்ல டீச்சர்" என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. இந்தப் பரீட்சை பற்றி எனக்கு முன்பு பெரிதாக அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது, நல்ல அபிப்பிராயம் இல்லை.

எனக்கு அதிகம் பிடித்தது தரம் 7. திசைகொண்ட எண்கள் படிப்பிக்கும்போது எண்கோடு கீறி, வலப்பக்கம் நேர், இடப்பக்கம் மறை என்று கரும்பலகை நிறைய எழுதினேன். தலை மட்டும் ஆடியது. பின் வரிசையில், வீட்டுக்காகக் கடைக்குப் போய்வருகிற பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் கடன் கொப்பியைப் பற்றிக் கேட்டேன். "கடையில 500 ரூபா கடன். வாப்பா 300 குடுத்தா?" யோசிக்கவே இல்லை. "இன்னும் 200 நிக்கும் டீச்சர்." அதையே மறை 500 கூட்டல் 300 என்று எழுதி, விடையாக மறை 200 போட்டேன். முன் வரிசைக்காரி ஒருத்தி "இவ்வளவுதானா!" என்றாள். அதன்பின் இரண்டு கிழமைக்கு எல்லாக் கணக்கும் கடைக்கணக்காகவே ஓடியது. பாடக்குறிப்பில் மட்டும் எண்கோடு என்றே எழுதியிருந்தேன்.

தரம் 8 கொஞ்சம் அமைதி. அந்த அமைதியை ஒழுக்கம் என்று அலுவலக அறையில் பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிழையாகிவிடுமோ என்ற வெட்கம் அது. விடையை எழுதிவிட்டுக் கையால் மூடிக்கொள்வார்கள். அதனால் கொப்பி திருத்தும்போது கணக்கு முழுவதையும் குறுக்கே வெட்டாமல், எந்த வரியில் பிழை தொடங்கியதோ அந்த வரியை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தேன். வேலை இரண்டு மடங்கு. ஆனால் மூன்றாம் தவணைக்குள் சிலர் கையை எடுத்துவிட்டார்கள். அந்தத் தவணையில் மழை வேறு. தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் நான் கத்துவது முதல் வரிசைக்கே கேட்காது. எழுதிப்போட்டுவிட்டு மேசை மேசையாகப் போவேன். உண்மையில் அந்த நாட்களில்தான் ஒவ்வொருவரின் கொப்பியையும் ஒழுங்காகப் பார்க்கக் கிடைத்தது.

யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது? புதிதாக வந்தவரைத்தான். இடைவேளைக்குப் பின், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரத்தில், முகம் தெரியாத வகுப்பில் சும்மா நிற்பதைப் போல் கஷ்டம் வேறில்லை. பையில் எப்போதும் நாலைந்து எண்புதிர் வைத்திருக்கப் பழகினேன்.

தரம் 6 பிள்ளைகளோடேயே இந்த வருடம் தரம் 7க்குப் போக விடுங்கள் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். நேரசூசி போடுகிற சேர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. எனக்குத் தரம் 9ஐயும் சேர்த்துத் தருவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது.